ஒரே மாலையில் ஆறு நாடகங்கள்

குறுநாடக மாலைகளுக்கு மேடை நிர்வாகம் செய்பவள் நான். சென்னையில் சிறு நாடகக் குழுக்களோடு பல ஆண்டுகளாக இருக்கிறேன். இளமையில் நடித்தேன், இப்போது விங்கில் நின்றுகொண்டு கடிகாரம் பார்க்கிறேன். “இன்னைக்கு என்ன நாடகம்?” என்று யாராவது கேட்டால் ஒரே பெயரில் பதில் சொல்ல முடியாத மாலைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆறு நாடகங்கள், ஆறு எழுத்தாளர்கள். அத்தனை பேரும் இன்றைக்கு எழுதிக்கொண்டிருப்பவர்கள். சிலர் அரங்கத்தின் கடைசி வரிசையில் நகத்தைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு நாடகமும் 10 நிமிடத்திலிருந்து 20 நிமிடம் வரை ஓடும். இடைவேளையையும் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

நாடகம் என்றால் நம் ஆட்களுக்குச் சபா நாடகம் தெரியும். இரவு முழுக்க ஆடும் தெருக்கூத்து தெரியும். குறுநாடகம் என்றதும் பள்ளி ஆண்டு விழாதான் நினைவுக்கு வருகிறது. சின்னது என்பதால் சுலபமானது, விளையாட்டானது என்று ஒரு எண்ணம் படிந்துவிட்டது. அந்த எண்ணம் மாற வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் மேடையைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு பெயின்ட் அடித்த நாலு மரப்பெட்டி, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்ச். ஆறு நாடகத்துக்கும் பொதுச் சொத்து இவ்வளவுதான். அதே பெஞ்ச் ஒன்றில் டீக்கடை, ஒன்றில் ஆஸ்பத்திரி வராந்தா, இன்னொன்றில் ரயிலின் கீழ் பெர்த். பார்வையாளர்கள் இதைக் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்வார்கள். நடிகர் அதன்மேல் உட்காரும் விதத்திலேயே இடம் மாறிவிடும். தனக்கென்று வண்ணத் திரையும் சோபாவும் கேட்கும் எழுத்தாளர்கள் உண்டு. முதல் ஒத்திகைக்குப் பிறகு அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு நாடகம் முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடிக்கு மேல் இருட்டு நீடிக்கக் கூடாது. நீடித்தால் செல்போன்கள் வெளியே வந்துவிடும். அதனால் தரையில் ரேடியம் டேப்பால் குறி போட்டு வைப்போம்: மேஜைக்கு மூலை வடிவம், நாற்காலிக்குப் பெருக்கல் குறி. நாடகம் முடிந்து உள்ளே வரும் நடிகர் யாரும் வெறுங்கையோடு வரக் கூடாது என்பது சட்டம். இறந்துபோன பாத்திரமாக நடித்தவரும் எழுந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். விளக்குகளும் அப்படித்தான். ஒரு நாடகத்துக்கு டெக் ரிகர்சல் நேரம் அரை மணிதான் கிடைக்கும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு வெளிச்சம், ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு ஸ்பாட் என்று பேசி முடித்துக்கொள்வோம்.

இந்த மாலையின் பாதி வேலை வரிசையைத் தீர்மானிப்பது. 7 மணி என்று அழைப்பிதழில் போட்டால் 7.20 வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வண்டி நிறுத்த இடம் தேடியே கால் மணி போய்விடும். முதல் இடத்தில் மெதுவாகத் தொடங்கும் நாடகத்தைப் போட்டால், அதை எழுதியவருக்கு அநியாயம் செய்ததாகும். உடம்பசைவும் சத்தமும் உள்ள ஒன்றை முதலில் வைப்போம். தனியாள் நாடகம் மூன்றாவது. அதற்குள் அரங்கம் அடங்கியிருக்கும். சாவு வரும் இரண்டு நாடகங்கள் அடுத்தடுத்து வரவே கூடாது. இரண்டாவது சாவுக்கு யாரும் கலங்க மாட்டார்கள், அது எவ்வளவு நல்ல நாடகமாக இருந்தாலும்.

இது நாங்கள் கண்டுபிடித்த உத்தி இல்லை. பாரிஸில் 1897 முதல் 1962 வரை கிராண்ட் கினோல் என்றொரு சின்ன அரங்கம் இருந்தது. தேவாலயமாக இருந்த கட்டடம். ஒரே இரவில் ஒரு திகில் நாடகம், ஒரு கேலி நாடகம், மறுபடி திகில் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் மாறி மாறித் தலையில் ஊற்றுவது போன்றது அந்த அனுபவம். ஜப்பானில் நோ நாடகங்களுக்கு நடுவே கியோகென் என்னும் நகைச்சுவைச் சிறு நாடகங்களை வைக்கும் வழக்கம் பல நூற்றாண்டுப் பழமையானது. துயரத்திலிருந்து வெளியே வந்து, சிரித்து, மீண்டும் துயரத்துக்குள் போவதற்கு மனத்துக்கு ஒரு வழி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் மண்ணிலும் பழையதுதான். 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் வடமொழியில் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ ஒரே அங்கத்தில் முடியும் நாடகம். குடித்துவிட்டு வரும் ஒரு காபாலிகன் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். ஒரு புத்த பிக்குதான் திருடினார் என்று சண்டைக்குப் போகிறான். கடைசியில் பார்த்தால் அது ஒரு நாயின் வேலை. ஒரு பொருள் காணாமல் போகிறது, அதைத் தேடுகிறார்கள், கிடைக்கிறது. அந்தத் தேடலுக்குள்ளேயே அந்தக் காலத்து மதப் பூசல்கள் அத்தனையும் வந்துவிடுகின்றன. ஒரு சின்னப் பொருளைப் பிடித்துக்கொண்டு ஊரையே காட்டும் இந்த வித்தையைத்தான் இன்றைக்கும் நல்ல குறுநாடக ஆசிரியர்கள் செய்கிறார்கள்.

பத்து நிமிடம் என்ற கணக்கு மட்டும் புதிது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஆக்டர்ஸ் தியேட்டர் என்ற அரங்கம் இருக்கிறது. அங்கே ஜான் ஜோரி என்ற இயக்குநர் 1976இல் புதிய நாடகங்களுக்கென்று ஒரு விழாவைத் தொடங்கினார். பத்து நிமிட நாடகம் தனி வடிவமாக நிலைபெற்றதில் அந்த அரங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்துக்கு ஒரு நிமிடம், ஆகப் பத்துப் பக்கம் என்பது எழுதுபவர்களுக்குக் கணக்கு. 2002இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ என்ற பத்து நிமிட நாடக விழா தொடங்கியது. அது பல நாடுகளுக்குப் பரவி, சென்னைக்கும் வந்தது. நியூயார்க்கில் 1995இல் தொடங்கிய ‘24 மணி நேர நாடகங்கள்’ இன்னும் ஒரு படி மேலே போனது. முதல் நாள் இரவு நடிகர்கள் கூடுவார்கள். எழுத்தாளர்கள் விடிய விடிய எழுதுவார்கள். காலையில் இயக்குநர்கள் கையில் பிரதி. அன்று இரவே மேடை.

இதனால் எழுத்தாளருக்கு என்ன லாபம்? நூறு பக்க நாடகத்தை முழுதாக எழுதி, அதை மேடையேற்ற ஒரு குழுவைத் தேடி, பணம் திரட்டி, அரங்கம் பிடித்து முடிப்பதற்குள் எழுதியவருக்கு வயதாகிவிடும். பத்துப் பக்க நாடகத்தை இந்த மாதம் எழுதினால் அடுத்த மாதம் மேடையில் பார்த்துவிடலாம். நாடகாசிரியர் தொழில் கற்றுக்கொள்ளும் இடம் அரங்கத்தின் கடைசி வரிசைதான். எந்த வரியில் ஜனங்கள் அசைகிறார்கள், எந்த வரியில் இருமுகிறார்கள் என்பதை அங்கே உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

எனக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் எங்களிடம் ஒரு பிரதி கொடுத்தாள். தனியாக வசிக்கும் ஒரு பெரியவர்; மின் கணக்கு எடுக்க வருகிறார் ஓர் ஊழியர். இரண்டே பாத்திரங்கள். முதல் நாலு பக்கம் பெரியவர் அமெரிக்காவில் இருக்கும் மகனோடு போனில் பேசுகிறார். மனைவி இறந்தது, வீட்டை விற்கச் சொல்லி மகன் வற்புறுத்துவது எல்லாம் அதில் வந்துவிடுகிறது. பிறகுதான் கதவு தட்டப்படுகிறது. எங்கள் இயக்குநர் அந்த நாலு பக்கத்தையும் எடுத்துவிடலாம் என்றார். அவள் என்னிடம் வந்து, “அக்கா, போன் சீன் இல்லாட்டி இவருக்கு யாருமில்லைன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஒத்திகையில் நாடகம் இப்படித் தொடங்கியது: மீட்டர் பார்த்தாயிற்று. ஊழியர் வாசலை நோக்கித் திரும்பியாயிற்று. பெரியவர் கையில் சொம்பு.

“தண்ணி குடிச்சிட்டுப் போங்க தம்பி.”

“இருக்கட்டுங்க ஐயா. இன்னும் இந்தத் தெருவே பாக்கி இருக்கு.”

அவரை அனுப்ப மனமில்லாத பெரியவர், கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி மின் அட்டையை நீட்டுகிறார். பழைய கணக்கையெல்லாம் படித்துக் காட்டச் சொல்கிறார். ஊழியர் நின்றபடியே படிக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒரு வரி. முந்நூற்றுச் சொச்சம். முந்நூற்றுச் சொச்சம். மறுபடி முந்நூறு. திடீரென்று நூற்றெண்பது. அடுத்தது தொண்ணூறு. அந்த இடத்தில் ஊழியர் படிப்பதை நிறுத்திவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். ஒரு சின்ன இடைவெளி. பிறகு, நல்ல செய்தி சொல்லும் குரலில், “நூறு யூனிட்டுக்குள்ள வந்துட்டீங்க ஐயா. இந்தத் தடவை உங்களுக்குப் பில்லே கிடையாது” என்கிறார்.

மனைவி இறந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. மிக்சி ஓடவில்லை, அடுத்த அறையில் விளக்கெரியவில்லை, டிவி போடவில்லை என்று யாரும் சொல்லவில்லை. மேடையேறிய அன்று, எண்கள் இறங்கியதைக் கேட்டே அரங்கம் புரிந்துகொண்டது. பெரியவராக நடித்தவர் அட்டையை வாங்கி நாலாக மடிக்கும் வரை விளக்கை அணைக்காதே என்று லைட் போர்டில் இருந்த தம்பிக்கு நான் சைகை காட்டிக்கொண்டிருந்தேன். மூன்று விநாடிதான். அந்த மூன்று விநாடியும் நாடகத்தின் பகுதி. முதல் காட்சியை இழந்ததற்காகக் கலங்கிய அந்தப் பெண் அன்றிரவு என்னைக் கட்டிக்கொண்டாள்.

குறுநாடகத்தில் முன்கதைக்கு இடம் கிடையாது. பாத்திரங்கள் ஏற்கெனவே சிக்கலில் இருக்கும்போதுதான் விளக்கு எரிய வேண்டும். ஒருவருக்கு ஒன்று வேண்டும், இன்னொருவரால் அதைக் கொடுக்க முடியவில்லை. அந்த இழுபறியில் ஏதோ ஒன்று மாறிவிட வேண்டும். ஒன்று போதும். இரண்டு மாறினால் அவசரமாகிவிடும்.

எவ்வளவு சுருக்க முடியும் என்று பார்த்தவர் சாமுவேல் பெக்கெட். 1969இல் மேடையேறிய அவருடைய ‘ப்ரெத்’ நாடகம் அரை நிமிடத்தைச் சற்றே தாண்டும். நடிகரே கிடையாது. ஒரு சிறு அலறல், ஒரு மூச்சு, ஏறி இறங்கும் வெளிச்சம், மறுபடி அந்த அலறல். 1972இல் வந்த ‘நாட் ஐ’ நாடகத்தில் இருட்டுக்கு நடுவே ஒரு பெண்ணின் வாய் மட்டும் தெரியும். அந்த வாய் நிற்காமல் பேசிக்கொண்டே இருக்கும். விளக்கு வேலை தெரிந்தவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் புரியும். நடிகையின் தலை ஓர் அங்குலம் நகர்ந்தால் வாய் வெளிச்சத்தை விட்டுப் போய்விடும்.

இன்று வாழும் நாடகாசிரியர்களில் இந்த வடிவத்தை மிக உயரத்துக்குக் கொண்டுபோனவர் என்று நான் நினைப்பது இங்கிலாந்தின் கேரில் சர்ச்சிலைத்தான். 1938இல் பிறந்தவர். தன் 81ஆம் வயதில், 2019இல், லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் ஒரே மாலையில் நாலு நாடகங்களைக் கொடுத்தார். ஒன்றில் கண்ணாடியால் ஆன ஒரு பெண். அவள் உடைந்துவிடுவாளோ என்று வீட்டில் எல்லாருக்கும் பயம். அடுத்ததில் மேகத்தின்மேல் உட்கார்ந்த கடவுளர், பழைய கிரேக்கக் கதைகளில் ஒருவரையொருவர் கொன்றவர்களின் பட்டியலை மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். கடவுளர் அனைவரையும் ஒரே நடிகர்தான் பேசினார். மூன்றாவதில், மனைவிகளைக் கொன்ற ஒருவனின் நண்பர்கள் கூடி உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசுகிறார்கள். நமக்கு ஒன்றுமே தெரியாமல் போயிற்றே என்கிறார்கள். நாலாவது மட்டும் நீளமானது. ஒரு பழைய பாட்டிலுக்குள் குட்டிச் சாத்தான் இருப்பதாக நம்பும் ஒரு பெண்மணியின் வீட்டுக் கதை.

நாலும் தனித்தனி நாடகங்கள். ஆனால் வரிசையாகப் படிக்கும்போது ஒன்றின் நிழல் அடுத்ததன்மேல் விழுகிறது. உடையக்கூடிய பெண்ணைப் பார்த்த கண்ணோடு கொலைகாரனின் நண்பர்களைக் கேட்கிறோம். அந்த நண்பர்களின் பேச்சு அதனால் இன்னும் கூசச் செய்கிறது. பெரிய நாடகம் ஒன்றால் இப்படிச் செய்ய முடியாது; சிறுகதைத் தொகுப்பு செய்யும், இப்படிப்பட்ட மாலை செய்யும். இதே சர்ச்சில் 2009இல் காஸாவில் நடந்த தாக்குதலுக்குப் பதிலாகப் பத்து நிமிட நாடகம் ஒன்றை உடனே எழுதினார். யாரும் உரிமைத் தொகை தராமல் மேடையேற்றலாம், பாலஸ்தீன மக்களின் மருத்துவ உதவிக்கு நிதி திரட்டினால் போதும் என்றார். நாடகம் பற்றிக் கடுமையான சர்ச்சை எழுந்தது. நாடகாசிரியர் ஒருவர் நாளிதழின் வேகத்தில் பேச இந்த வடிவம் இடம் கொடுக்கிறது என்பதை அது காட்டியது.

தமிழில் நவீன நாடகம் பிறந்ததே சிறு பிரதிகளிலிருந்துதான் என்பேன். ந. முத்துசாமி 1960களின் கடைசியிலிருந்து எழுதிய நாடகங்கள் ‘நடை’, ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்களில் அச்சாயின. மேடை கிடைக்காத காலத்தில் அவற்றுக்கு அந்தப் பக்கங்களே மேடை. பிறகு 1977இல் கூத்துப்பட்டறை, 1978இல் ஞாநியின் பரீக்‌ஷா, அதே காலத்தில் மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம் என்று குழுக்கள் வந்தன. வங்காளத்தின் பாதல் சர்க்கார் 1980இல் சென்னை சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் நடத்திய பயிற்சிப் பட்டறை பலருக்குக் கண் திறந்தது. மேடையே வேண்டாம், தெரு போதும், உடம்பு போதும் என்று கற்றுக்கொண்டவர்கள் உருவானார்கள். பிரளயனின் சென்னைக் கலைக்குழு தெருமுனைகளில் நடத்திய நாடகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், போகிற வருகிறவர்களை நிறுத்தி வைக்க எவ்வளவு கச்சிதம் வேண்டும் என்று.

காவல்துறை அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை வைத்துக்கொண்டு, பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்கு என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. ஒரு நாடகம் போடுகிறவருக்கு ஒரு பிரதி. குறுநாடக மாலை நடத்துகிறவர்களுக்கு அத்தனை பிரதிகள், அத்தனை கேள்விகள். ஞாநி நீதிமன்றம் போனார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று தீர்ப்பளித்தது. இன்று மேடை ஏறும் ஒவ்வொரு இளைய எழுத்தாளரும் அவருக்குக் கடன்பட்டவர். இந்தச் சேதியை ஒத்திகைக்கு வரும் புதியவர்களுக்கு நான் தவறாமல் சொல்கிறேன்.

எல்லாக் குறுநாடகமும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். கடைசி நிமிடத்தில் “இவ்வளவு நேரம் பேசியது பேய்” என்று திருப்பம் வைக்கும் பிரதிகள் நிறைய வருகின்றன. பாத்திரத்தை விட்டுவிட்டு முன்னால் வந்து பார்வையாளருக்குப் புத்தி சொல்லும் முடிவுகள் வருகின்றன. போனை வைத்துக்கொண்டு தனியாகப் பேசியே கதை முழுவதையும் சொல்லிவிடும் பிரதிகளும் உண்டு. ஆனாலும் ஆறில் இரண்டு நன்றாக அமைந்தால் அது நல்ல மாலை. பிடிக்காத நாடகம் கால் மணியில் முடிந்துவிடும் என்பது பார்ப்பவர்களுக்கும் சௌகரியம்.

எனக்கு இதில் கிடைக்கும் தனி சந்தோஷம் ஒன்று உண்டு. ஒரே மாலையில் பல தமிழ் காதில் விழும். நெல்லைப் பெண் எழுதியது முடிந்ததும் வடசென்னைப் பையன் எழுதியது தொடங்கும். அதன் பிறகு கொங்குப் பக்கத்து இழுவை. அதன் பிறகு இங்கே அகதியாக வந்து வளர்ந்தவரின் ஈழத்துப் பேச்சு. தொலைக்காட்சித் தொடர்களில் எல்லாரும் ஒரே தமிழ் பேசிக் கேட்டுச் சலித்த காதுக்கு அது விருந்து. நடிகர்கள் அடுத்தவர் வட்டாரப் பேச்சைப் பழகுவதற்கு நாட்கணக்கில் உட்கார்ந்து கேட்பார்கள். அந்த உழைப்பைப் பார்த்தால் ‘சின்ன நாடகம்தானே’ என்ற பேச்சு யாருக்கும் வராது.

பார்வையாளர்களிடம் ஒரு குறை மட்டும் உண்டு. தன் மகன், தன் தோழி நடிக்கும் நாடகம் முடிந்ததும் எழுந்து போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடைசி நாடகத்து நடிகர்கள் அதே அளவு ஒத்திகை பார்த்துவிட்டு, காலியான வரிசைகளைப் பார்த்து நடிக்க நேர்கிறது. தயவுசெய்து கடைசி வரை இருங்கள்.

பத்திரிகை ஆசிரியர்களிடமும் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. சிறுகதைக்கு இடம் கொடுக்கிறீர்கள், கவிதைக்கு இடம் கொடுக்கிறீர்கள். நாடகப் பிரதியை அச்சிடும் இதழ்கள் இன்று மிகவும் அரிது. பத்து நிமிட நாடகத்துக்கு உங்கள் இதழில் நாலைந்து பக்கம் போதும். மாதம் ஒன்று போட்டால் ஆண்டுக்குப் பன்னிரண்டு புதிய நாடகங்கள் கிடைக்கும். கல்லூரி மாணவர்களும் நூலக வாசகர் வட்டங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் அவற்றை எடுத்து நடிப்பார்கள். எழுதுகிறவர்கள் காத்திருக்கிறார்கள். அடுத்த இதழிலிருந்தே தொடங்குங்கள்.